காகித விலங்குப் பாவைகள்: வகுப்பறையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழ்நாட்டில் 2022ஆம் ஆண்டு ஜூன் மாதம் பிள்ளைகளுக்கு அடிப்படை எழுத்தும் கணக்கும் கற்பிக்கும் எண்ணும் எழுத்தும் திட்டம் தொடங்கிய பிறகு, தொடக்க வகுப்புகளில் ஆடல், பாடல், கதையோடு பொம்மலாட்டமும் அன்றாடக் கற்பித்தலுக்குள் வந்துவிட்டது. ஆனாலும், ஆசிரியர் இரவு கண்விழித்துச் செய்த சிங்கமும் மயிலும் குழந்தைகளின் கை படாமல் சுவரில் தொங்கும் வகுப்பறைகள் இன்னும் இருக்கின்றன. பார்வைக்கு வைப்பதற்காகச் செய்யும்போது அழகில் கவனம் போய்விடுகிறது. பிடிப்பதற்கும் பேச வைப்பதற்கும் வேண்டியவை விடுபட்டுப்போகின்றன. கீழே சொல்லும் தவறுகளில் பெரும்பாலானவை அப்படி விடுபட்டவைதான்.

முதல் இரண்டு வகுப்புகளுக்குக் காகிதக் கவரில் செய்யும் பாவையே மிகவும் ஏற்றது என்பது என் கருத்து. 2019 ஜனவரி முதல் நாளிலிருந்து, ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் தடை வந்த பின், பேக்கரிகளிலும் மளிகைக் கடைகளிலும் பழுப்புநிறக் கவர்கள் எளிதாகக் கிடைக்கின்றன. அடிப்பாகம் பெட்டிபோல் விரிந்து, மடித்தால் ஒரு பக்கமாகப் படியும் கவரைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். மருந்துக் கடையில் மாத்திரை போட்டுத் தரும் தட்டைக் கவரில் அந்த மடிப்பு இல்லாததால் வாய் அமையாது. கவரைத் தலைகீழாகப் பிடிக்கும்போது அந்த மடிப்புதான் விலங்கின் மேல்தாடை ஆகிறது. கண், மூக்கு, வாய், பல் எல்லாவற்றையும் அந்த மடிப்பின் மேலேயே வரைந்துவிடுவதுதான் நான் அடிக்கடி காணும் தவறு. அப்படி வரைந்தால், விரலை அசைக்கும்போது வாய் திறக்காது, முகம் முழுவதும் மேலே தூக்கிக்கொள்ளும். கண்ணும் மூக்கும் மேலுதடும் மடிப்பில் இருக்க, கீழுதடு மடிப்பின் விளிம்பு வந்து படியும் இடத்தில் கவரின் உடலில் அமைய வேண்டும். மடிப்பைத் தூக்கினால் தெரியும் உட்பக்கத்துக்குச் சிவப்பு வண்ணம் தீட்டி, அங்கே நாக்கை ஒட்டலாம். தவளை செய்யும்போது மட்டும் நாக்கைக் கீழுதட்டின் ஓரத்தில் ஒட்டுங்கள். ஏனெனில் தவளையின் நாக்கு வாயின் முன்பக்கத்தில்தான் ஒட்டியிருக்கிறது. சுருட்டிய சிவப்புத் தாள் அங்கிருந்து விரிந்து நீளும்போது, தவளை ஈயைப் பிடிக்கும் விதம் குழந்தைகளுக்குச் சொல்லாமலே விளங்கிவிடும்.

குச்சிப் பாவைகளில் வேறு வகைத் தவறுகள் நேர்கின்றன. சாதாரண ஏ4 தாள் 70 முதல் 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடை) கனமே உடையது என்பதால், அதில் வெட்டிய தலை இரண்டாம் நாளே தொங்கிவிடும். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை இதற்குப் போதுமானது, செலவும் இல்லை. குச்சியை வயிற்றோடு நிறுத்தாமல் கழுத்தைத் தாண்டித் தலை வரை கொண்டுபோக வேண்டும். முதலை, பாம்பு போன்ற நீண்ட உடல்களுக்கு நடுவில் ஒரே குச்சி வைத்தால் பாவை கையில் சுழன்றுகொண்டே இருக்கும். தலைப்பக்கம் ஒன்றும் வால்பக்கம் ஒன்றுமாக இரண்டு வைத்தால் முதலை நகரவும் செய்யும். அட்டைக்கும் இழையோட்டம், அதாவது இழைகள் ஒரு திசையில் படிந்திருக்கும் போக்கு, உண்டு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஒரு துண்டை இரு திசைகளிலும் மெல்ல வளைத்துப் பார்த்து, எளிதில் வளையாத திசை கொக்கின் கழுத்துக்கு நீளவாக்கில் வருமாறு வெட்டினால் கழுத்து மடங்காது.

பக்கவாட்டுத் தோற்றத்தில் வரையும் பாவைகளில் இன்னொரு சிக்கல் உண்டு. காக்கையும் நரியும் இரண்டுமே வலப்பக்கம் பார்த்தபடி வரையப்பட்டால், அவை ஒன்றோடொன்று எப்படிப் பேசும்? நம் தோல்பாவைக்கூத்தில் ஒளி ஊடுருவும் தோலில் வண்ணம் தீட்டுவதால் உருவத்தைத் திருப்பினாலும் திரையில் நிறம் தெரிகிறது, அட்டையில் அது நடக்காது. ஆகவே பின்பக்கத்திலும் அதே உருவத்தை வரைந்து வண்ணம் தீட்டிவிடுவது நல்லது.

பாதுகாப்பைப் பற்றி அழுத்தமாகவே சொல்ல வேண்டும். பிள்ளையார் சதுர்த்திக்குக் களிமண் பிள்ளையாருக்குக் குன்றிமணியைக் கண்ணாகப் பதிக்கும் வழக்கம் இருப்பதால், பாவைக்கும் அதையே ஒட்டத் தோன்றும். குன்றிமணி கடுமையான நஞ்சு. மென்றாலோ, விதையின் மேலோடு உடைந்தோ துளையிடப்பட்டோ உள்ளே போனாலோ உயிருக்கே ஆபத்து. எதையும் வாயில் வைத்துப் பார்க்கும் வயதுப் பிள்ளைகள் இருக்கும் அறைக்குள் அது வரவே கூடாது. கருப்புத் தாளில் பஞ்சிங் மெஷினால் எடுத்த வட்டங்கள் அழகான கண்களாகும். அதேபோல், பூச்சி அரிக்காமல் இருக்க மைதாப் பசையில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலக்கும் பழக்கம் புத்தகம் தைப்பவர்களிடம் உண்டு. அதுவும் நஞ்சு என்பதால் அத்தகைய பசையைப் பள்ளிக்குக் கொண்டுவரக் கூடாது. அன்றன்று காய்ச்சிய வெறும் மைதாப் பசை போதும். ஸ்டேப்ளர் பின் அடித்தால் அதன் கூர்முனைகள் விரல் படும் பக்கம் இல்லாதபடி டேப் ஒட்டி மூடிவிட வேண்டும்.

இணையத்தில் எடுத்த படத்தை அப்படியே நகலெடுப்பதும் தவறு. வரியே இல்லாமல் புசுபுசுவென்ற செந்நிற வாலோடு இருக்கும் அணில் நம் ஊர் அணில் அல்ல. நம் அணிலின் முதுகில் மூன்று வெள்ளை வரிகள் உண்டு. வேப்பமரத்தில் தினமும் அதைப் பார்க்கும் குழந்தை, வகுப்பில் இருப்பதை வேறு ஏதோ ஒரு பிராணி என்றுதான் நினைக்கும்.

பாவையை இயக்கும்போது, பேசாத பாவையையும் சேர்த்து ஆட்டுவதை விட்டுவிட வேண்டும். ஒன்று பேசும்போது மற்றது அசையாமல் அதைப் பார்த்திருந்தால்தான், யார் பேசுகிறார்கள் என்று குழந்தைகளுக்குப் புரியும். தரையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு நின்றபடி காட்டும்போது மணிக்கட்டைச் சற்றுக் கீழே சாய்க்காவிட்டால் பாவை உத்தரத்தைப் பார்த்துப் பேசும். விரல் பொம்மைகளை 30 பிள்ளைகள் முன் காட்டினால் மூன்றாம் வரிசைக்கு அப்பால் தெரியாது. அவை நான்கைந்து பேர் கொண்ட குழுவுக்கே உரியவை, அவரவர் விரலில் சுற்றிப் பார்த்து ஒட்டப்பட வேண்டியவை.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு வருத்தம் தருவது, பாவையின் வாயால் கண்டிப்பதுதான். “சிங்கம் பார்த்துக்கொண்டிருக்கிறது, சத்தம் போடாதே” என்று ஒருமுறை சொல்லிவிட்டால், அந்தச் சிங்கத்தோடு எந்தக் குழந்தையும் மனம்விட்டுப் பேசாது. இரண்டாம் வகுப்பில் பல வாரங்கள் வாயே திறக்காத சிறுமி ஒருத்தி இருந்தாள். “பேசும்மா” என்று யாரும் கேட்காமல் ஒரு ஆட்டுப் பாவையை அவள் கையில் கொடுத்து வைத்திருந்தோம். நான்காம் நாள் அவள் பாவையின் வாயைத் திறந்து, பக்கத்துப் பையனின் முயலிடம், “எங்க வீட்டு ஆடு குட்டி போட்டிருக்கு” என்றாள். “போட்டிருக்கிறது என்று சொல்” என்று அந்த இடத்தில் திருத்தியிருந்தால் ஆடு மறுபடி ஊமையாகியிருக்கும். வீட்டில் தெலுங்கோ படுகமோ இருளர் மொழியோ பேசும் பிள்ளையின் பாவை முதலில் அந்த மொழியிலேயே பேசட்டும்; பாடநூல் தமிழை ஆசிரியர் கையிலுள்ள பாவை தன் பதிலில் மெல்லக் கொண்டுவரலாம்.

ஐப்பசி மழை தொடங்கியதும் ஈரத்தில் பசை விடும், தாள் நெளியும். பாவைகளைப் பெட்டிக்குள் அடைத்து வைக்காமல், குழந்தைகளுக்கு எட்டும் உயரத்தில் கயிறு கட்டி, துணி கிளிப் மாட்டித் தொங்கவிடுங்கள். காது கிழிந்தால், கிழித்தவரைத் திட்டாமல் பசையையும் ஒரு துண்டு அட்டையையும் அவரிடமே கொடுத்துவிடலாம்.