ரோமாபுரி மிளகுப் பாஸ்தா: மோர்க்குழம்பு வைக்கத் தெரிந்தால் போதும்

ரோமில் நான்கு பாஸ்தாக்களுக்குத்தான் பேர் அதிகம். கார்பொனாரா, அமாட்ரிச்சானா, கிரிச்சா, காச்சோ ஏ பேப்பே. முதல் மூன்றிலும் குவாஞ்சாலே என்கிற, உப்பில் பதப்படுத்திய பன்றிக் கன்னக் கறி இருக்கும். என்னோடு வந்த சித்தப்பா அதைத் தொடமாட்டார். டெஸ்டாச்சோ பகுதியில் நாங்கள் நுழைந்த சின்னச் சாப்பாட்டுக் கடையில் அவருக்கு மிச்சம் இருந்தது நான்காவது மட்டும்தான்.

தட்டு வந்ததும் சித்தப்பா முகம் சுருங்கிவிட்டது. வெளிறிய நூடுல்ஸ், மேலே கருப்புப் பொட்டுகள். காய் இல்லை, கறி இல்லை, பேருக்கு ஒரு தழைகூட இல்லை. ஒரு வாய் எடுத்தார். அப்புறம் தட்டு காலியாகும்வரை அவரிடமிருந்து பேச்சே இல்லை.

காச்சோ என்றால் சீஸ், பேப்பே என்றால் மிளகு. அவ்வளவுதான் அதில் இருப்பதும். ஏறக்குறைய 2,000 வருடங்களுக்கு முன்பு சேர நாட்டு முசிறித் துறையிலிருந்து மிளகு ரோமுக்குக் கப்பலேறியது. டொமிஷியன் என்ற பேரரசன் அங்கே மிளகு, வாசனைப் பொருட்களுக்கென்றே கிடங்கு கட்டினான். இந்தப் பாஸ்தா அவ்வளவு பழையது இல்லைதான். ஆனாலும் அந்தத் தட்டில் எனக்குத் தெரிந்த ஒரே முகம் மிளகுதான்.

ஊருக்கு வந்து முதல்முறை செய்தபோது கேவலமாகத் தோற்றேன். சூடான வாணலியில் சீஸைத் தூவினேன். அது உருகி, ஒன்றோடொன்று ஒட்டி, சூயிங்கம் போல ஒரு உருண்டையாகக் கரண்டியைப் பிடித்துக்கொண்டது. அடியில் வெறும் தண்ணீர். எட்டிப் பார்த்த அம்மா, "மோரைக் கொதிக்க விட்டுட்டியா, இப்படித் திரிஞ்சு கிடக்கு?" என்றார்.

அம்மா சொன்னதுதான் விஷயம். மோர்க்குழம்பில் அரிசியும் பருப்பும் ஊறவைத்து அரைத்துக் கலக்கிறோம். பொங்கி வரும்போதே இறக்கிவிடுகிறோம். மாவு இல்லாவிட்டாலோ, சூடு மிஞ்சினாலோ மோர் திரிந்துவிடும். சீஸுக்கும் இதே குணம். 65 டிகிரி செல்சியஸ் பக்கம் போனாலே அதிலுள்ள புரதம் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள ஆரம்பிக்கும். நடுவில் மாவுச்சத்து இருந்தால் அந்தப் பிடி விழாது. இத்தாலிய இயற்பியலாளர்கள் சிலர் இதையே சோதித்து 2025-இல் ஒரு ஆய்வுக் கட்டுரை போட்டார்கள். அதே வருடம், முதலில் சிரிக்கவும் பிறகு யோசிக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் இக் நோபல் பரிசும் வாங்கினார்கள். சீஸின் எடையில் 2 முதல் 3 சதவீதம் மாவுச்சத்து இருக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. 1 சதவீதத்துக்குக் கீழே போனால் கட்டி தட்டும். 4-ஐத் தாண்டினால் ஆறும்போது களியாக இறுகும்.

கீழே இருப்பது அந்தக் கணக்கை ஒட்டி, இரண்டு பேருக்கு.

தேவையானவை

ஸ்பகெட்டி 180 கிராம், கட்டியான சீஸ் 120 கிராம், முழு மிளகு 2 டீஸ்பூன், சோள மாவு, அதாவது கடையில் கிடைக்கும் வெள்ளைக் கார்ன்ஃப்ளார், 1 டீஸ்பூன் (தலை தட்டி, சுமார் 3 கிராம்), உப்பு. எண்ணெய், வெண்ணெய், க்ரீம் எதுவும் வேண்டாம்.

1. சீஸ் வாங்குவது

ரோமில் போடுவது பெக்கோரினோ ரொமானோ, செம்மறியாட்டுப் பாலில் செய்து நாள்பட வைத்த உப்புச் சீஸ். நம் ஊரில் பெரிய கடைகளில் கிடைத்தாலும் விலை கடிக்கும். பார்மசான் வகைச் சீஸ் கட்டியாக வாங்கினால் போதும்; காரம் கொஞ்சம் குறையும், வேறு குறை இல்லை. டப்பாவில் வரும் சீஸ் தூள் வேண்டவே வேண்டாம். ஒட்டாமலிருக்க அதில் வேறு பொடி கலந்திருப்பார்கள், சரியாகக் கரையாது. சைவம் சாப்பிடுபவர்கள் கவனிக்க: பெக்கோரினோ, அசல் பார்மசான் இரண்டையும் உறைய வைப்பது ஆட்டுக்குட்டி, கன்றுக்குட்டி வயிற்றிலிருந்து எடுக்கும் உறைபொருளால். பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

வீட்டுக்கு வந்ததும் துருவலின் மிகச் சிறிய கண்ணில் துருவி வையுங்கள். மாவு மாதிரி இருக்க வேண்டும்.

2. மிளகு

வெறும் வாணலியில், சிறு தீயில், வாசனை வரும்வரை வறுத்து உரலில் இடியுங்கள். பாதி பொடியாகவும் பாதி உடைந்த குருணையாகவும் இருப்பது நல்லது. ரெடிமேட் மிளகுத்தூள் போட்டால் காரம் இருக்கும், மணம் இருக்காது.

3. சீஸ் விழுது

இதுதான் உயிர்நாடி, அவசரப்படாதீர்கள். சோள மாவை 2 டேபிள்ஸ்பூன் பச்சைத் தண்ணீரில் கரைத்துச் சிறு தீயில் கிளறுங்கள். ஒரு நிமிடத்துக்குள் வெள்ளை நிறம் மங்கி, பருத்திப் புடவைக்குப் போடும் கஞ்சி மாதிரி கண்ணாடியாகத் திரளும். உடனே இறக்கி இன்னும் 4 டேபிள்ஸ்பூன் பச்சைத் தண்ணீர் ஊற்றிக் கலந்து ஆற விடுங்கள். விரல் வைத்தால் சூடு தெரியக் கூடாது. ஆறிய கஞ்சியையும் துருவிய சீஸையும் மிக்ஸியின் சின்ன ஜாரில் போட்டு, விட்டு விட்டு நாலைந்து சுற்று. தோசை மாவைவிடக் கெட்டியான, வழவழப்பான விழுது கிடைக்கும். இடித்த மிளகில் பாதியை இதிலேயே கலந்துவிடலாம்.

ரோமின் பழைய கைகள் சோள மாவு போடுவதில்லை. பாஸ்தா வெந்த தண்ணீரில் இறங்கியிருக்கும் மாவுச்சத்தையே நம்புவார்கள், நம் வடிகஞ்சி மாதிரி. ஆனால் அந்தத் தண்ணீரில் எவ்வளவு சத்து இறங்கியிருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்லப் பல வருடப் பழக்கம் வேண்டும். எனக்கு அது இல்லை, அதனால் சோள மாவு.

4. பாஸ்தா

2 லிட்டர் தண்ணீர் கொதித்ததும் ஒன்றரை டீஸ்பூன் உப்பு மட்டும். சீஸே உப்பு, கூடப் போட்டால் வாயில் வைக்க முடியாது. ஸ்பகெட்டியை உடைக்காமல் போடுங்கள், தானாக வளைந்து உள்ளே போகும். பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்பே எடுக்க வேண்டும். அதற்குள் மீதி மிளகை அகலமான வாணலியில் போட்டு, பாஸ்தாத் தண்ணீர் ஒரு கரண்டி ஊற்றிக் கொதிக்க விடுங்கள். வடிக்கும்போது இன்னொரு தம்ளர் தண்ணீரை மறக்காமல் எடுத்து வையுங்கள். நான் இரண்டு தடவை சிங்க்கில் கொட்டிவிட்டு முழித்திருக்கிறேன்.

5. சேர்ப்பது

ஸ்பகெட்டியை மிளகுத் தண்ணீரில் போட்டு ஒரு நிமிடம் புரட்டுங்கள். அடுப்பை அணையுங்கள். வாணலியை மேடைக்கு மாற்றி இன்னொரு நிமிடம் சும்மா இருங்கள். ஆவி பறப்பது அடங்கியதும் விழுதை ஊற்றி, இடுக்கியால் தூக்கித் தூக்கிப் புரட்டுங்கள். முதலில் தண்ணியாகத் தெரியும், பயம் வேண்டாம். அரை நிமிடத்தில் ஒவ்வொரு இழையிலும் பால் நிறத்தில் ஏறிக்கொள்ளும். இறுகினால் எடுத்து வைத்த தண்ணீரில் ஒரு ஸ்பூன்.

தட்டைச் சுடுதண்ணீரில் அலசித் துடைத்து, வெதுவெதுப்பாக இருக்கும்போதே பரிமாறுங்கள். சாப்பிட வருபவர்களை முதலிலேயே உட்கார வைத்துவிடுங்கள். இது குளிக்கப் போனவருக்காகக் காத்திருக்கிற சாப்பாடு இல்லை.

வாணலியில் ஒட்டிய சீஸைச் சுடுதண்ணீரில் தேய்க்காதீர்கள், இன்னும் இழுத்துக்கொண்டு வரும். பச்சைத் தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவிட்டால் தானே விட்டுவிடும்.