கடற்பனி மாதிரியின் அடிப்பக்கம் உப்பில்லாமல் வந்தால்

அலாஸ்காவின் உட்கியாக்விக் கரையில் உறைந்திருக்கும் ஓராண்டுப் பனியில் (ஒரே குளிர்காலத்தில் உருவான கடற்பனி) உப்பளவு மேலே கூடி, நடுவில் குறைந்து, அடியில் மறுபடி ஏறும். என் மாதிரியில் அடிப்பக்க உப்பளவு ஏறவே இல்லை. உப்பளவு காட்டும் மீட்டரை எத்தனை முறை சரிபார்த்தும் பயனில்லை. தவறு பனியைக் கையாண்ட விதத்தில் இருந்தது.

9 செ.மீ. விட்டமுள்ள குழாயால் துளைத்தெடுத்த பனித்தண்டை நிமிர்த்திப் பிடித்தபடியே வெப்பநிலை பார்த்துக்கொண்டிருந்தேன். அடிப்பனி கடல்நீரை ஒட்டியது, கிட்டத்தட்ட −1.8 டிகிரி. அதனுள் உப்புநீர் தங்கும் நுண்குழல்கள் அகலமானவை. உற்றுப் பார்த்தால் அடி முனையில் துளித்துளியாகச் சொட்டுவது உப்புநீர். அளக்க வேண்டியதே அதுதான்!

இப்போது இரண்டு தண்டுகள் எடுக்கிறேன், பக்கத்துப் பக்கத்தில். முதலாவதில் 10 செ.மீ.க்கு ஒரு சிறு துளை மையம்வரை போட்டு, உடனே வெப்பமானியைச் செருகுவேன். இரண்டாவது உப்புக்கு மட்டும்: வெளியே வந்ததும் படுக்கவைத்து, அடியிலிருந்து தொடங்கி 10 செ.மீ. துண்டுகளாக அறுத்து, மூடியுள்ள ஒரு லிட்டர் டப்பாவில் போடுவேன். துண்டு அரைக்கிலோவுக்குச் சற்று மேல் இருக்கும்.

அறைக்கு வந்தபின் அவசரம் கூடாது. முழுக்க உருகி, அறை வெப்பத்துக்கு வந்து, நன்றாகக் கலக்கிய பிறகே மீட்டரை இறக்க வேண்டும். கலக்காவிட்டால் உப்பு அடியில் தங்கி, மேலே நன்னீராகக் காட்டும்.

வேகமாக அறுத்தாலும் கடைசி 5 செ.மீ.யில் கொஞ்சம் வடியத்தான் செய்யும். அந்த எண்ணைக் குறைந்தபட்ச அளவாகவே குறிக்கிறேன்.