யூரியாவிலிருந்து ஒளிவினையூக்கி: கார்பன் நைட்ரைடு தயாரிப்பும் ஹைட்ரஜன் அளவீடும்

ஒளியைக் கொண்டு தண்ணீர்க் கரைசலிலிருந்து ஹைட்ரஜன் எடுக்கும் பொருள்களைச் செய்து பழக, கிராஃபைட்டிக் கார்பன் நைட்ரைடுதான் நல்ல தொடக்கம். ஒளியால் தண்ணீரைப் பிளக்கலாம் என்று 1972-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் காட்டிய டைட்டானியம் டைஆக்சைடுக்குப் புற ஊதா ஒளி வேண்டும். கார்பன் நைட்ரைடின் ஆற்றல் இடைவெளி, அதாவது எலக்ட்ரானைக் கிளப்ப ஒளி தர வேண்டிய குறைந்தபட்ச ஆற்றல், சுமார் 2.7 எலக்ட்ரான் வோல்ட். எனவே 460 நானோமீட்டர் வரை நீல ஒளியும் வேலை செய்யும்.

காய்ந்த யூரியா 10 கிராம் எடுத்து, மூடியுள்ள அலுமினா மூசையில் (சூடு தாங்கும் கிண்ணத்தில்) போடுங்கள். உருகும்போது நுரைத்துப் பொங்கும் என்பதால் பாதிக்கு மேல் நிரப்ப வேண்டாம். மஃபிள் உலையில் நிமிடத்துக்கு 5 டிகிரி வீதம் 550 டிகிரி செல்சியஸுக்கு ஏற்றி, 2 மணி நேரம் வைத்து, உலையிலேயே ஆற விடுங்கள். அம்மோனியா ஏராளமாக வெளியேறும். உலையின் புகைபோக்கி வேலை செய்யாவிட்டால் தொடங்கவே வேண்டாம். மூடி சரியாகப் பொருந்தாவிட்டால் யூரியா பாதி வழியிலேயே ஆவியாகிவிடும். பொருந்தினாலும் அரை கிராம் தேறுவது கடினம். யூரியாவுக்குப் பதில் மெலமின் எடுத்தால் விளைச்சல் பல மடங்கு கூடும், ஆனால் பொடியின் மேற்பரப்பு குறைவு.

நல்ல பொடி வெளிர் மஞ்சளாக, பஞ்சு போல லேசாக இருக்கும். வெள்ளையாக இருந்தால் சூடு போதவில்லை, பழுப்பேறினால் அதிகமாகிவிட்டது. படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ்ரே விளிம்பு விளைவுச் சோதனையில், தாமிர எக்ஸ்ரே கதிருக்கு 27.4 டிகிரி அருகே பெரிய முகடும் 13 டிகிரி அருகே சிறியதும் தெரிய வேண்டும். பொடியைத் தண்ணீரில் கழுவி 80 டிகிரியில் உலர்த்துங்கள்.

தனிப் பொடி ஹைட்ரஜனை மிகக் குறைவாகவே தரும். எலக்ட்ரானை வாங்கிக் கொடுக்கப் பிளாட்டினம் வேண்டும். 50 மில்லிகிராம் பொடிக்கு 3 சதவீதம் என்றால் 1.5 மில்லிகிராம் பிளாட்டினம். ஆறு நீர் மூலக்கூறு கொண்ட குளோரோபிளாட்டினிக் அமிலத்தில் உலோகம் சுமார் 37.7 சதவீதம்தான், ஆகவே உப்பு 4 மில்லிகிராம் தேவை. மில்லிலிட்டருக்கு 10 மில்லிகிராம் கரைசல் வைத்திருந்தால் 0.4 மில்லிலிட்டர். உப்பின் எடையையே பிளாட்டினத்தின் எடையாகக் கணக்கிடுவது அடிக்கடி நடக்கும் பிழை.

90 மில்லிலிட்டர் தண்ணீர், எலக்ட்ரான் தரும் 10 மில்லிலிட்டர் ட்ரைஎத்தனாலமின், பொடி, பிளாட்டினம் எல்லாவற்றையும் கலனில் சேர்த்துக் கலக்குங்கள். ஆர்கானை 30 நிமிடம் குமிழவிட்டு ஆக்சிஜனை வெளியேற்றுங்கள். அது எலக்ட்ரானைத் தட்டிப் பறித்துவிடும். 300 வாட் ஜீனான் விளக்கின் முன் 420 நானோமீட்டருக்குக் குறைந்த ஒளியைத் தடுக்கும் வடிகட்டி வைத்து, கலனைச் சுற்றிக் குளிர்நீர் ஓட விடுங்கள். பிளாட்டினம் படியப் படியப் பொடி சாம்பல் நிறம் கொள்ளும். முதல் ஒரு மணி நேர அளவைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

வாயுக்களைப் பிரித்து அளக்கும் கேஸ் குரோமட்டோகிராபில் வெப்பக் கடத்தல் உணரி, மூலக்கூறுச் சல்லடைக் குழாய், ஏந்து வாயுவாக ஆர்கான். ஹீலியம் வேண்டாம்: அதன் வெப்பக் கடத்தல் ஹைட்ரஜனுக்கு நெருக்கமானது, முகடு சிறுத்துத் திரிந்து வரும். கலனின் மேல்வெளி (கரைசலுக்கு மேலுள்ள வாயு இடம்) 150 மில்லிலிட்டர், ஒரு மணி நேர முடிவில் அதில் ஹைட்ரஜன் 0.5 சதவீதம் கூடியது என்றால், 0.75 மில்லிலிட்டர் ஹைட்ரஜன்; 25 டிகிரியில் ஏறக்குறைய 30.7 மைக்ரோமோல். 50 மில்லிகிராமுக்கு இது கிராமுக்கு மணிக்கு 613 மைக்ரோமோல்.

எண் வந்துவிட்டது என்று மகிழ்வதற்கு முன் மூன்று வெற்றுச் சோதனை செய்யுங்கள்: விளக்கு இல்லாமல், பொடி இல்லாமல், பிளாட்டினம் இல்லாமல். மூன்றாவதில் கணிசமாக ஹைட்ரஜன் வந்தால் கரைசலைக் கலக்கும் காந்தக் குச்சியைச் சந்தேகியுங்கள். பழைய சோதனையின் உலோகம் அதில் ஒட்டியிருக்கும். மாதிரியில் நைட்ரஜன் முகடு மணிக்கு மணி வளர்ந்தால் கசிவு, பெரும்பாலும் ஊசி குத்திக் கிழிந்த ரப்பர் மூடி. நைட்ரஜனையே குமிழவிட்டிருந்தால் இந்தத் தடயம் கிடைக்காது.

இங்கே ட்ரைஎத்தனாலமின் எலக்ட்ரான் தந்து தானே சிதைகிறது, ஆக்சிஜன் வராது. இதைத் தண்ணீர்ப் பிளவு என்று எழுதுவது தவறு. அப்படிச் சொல்ல, வெறும் தண்ணீரில் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் 2:1 வீதத்தில் வர வேண்டும். அந்தக் கலவை வெடிக்கும், தீப்பொறி அண்டக்கூடாது.

நிலைத்தன்மை பார்க்க, 4 மணி நேரத்துக்கு ஒரு முறை ஆர்கானால் மேல்வெளியைக் கழுவி மறுபடி தொடங்குங்கள். வீதம் சரிந்தால் உடனே பொடியைக் குறை சொல்லாதீர்கள். கண்ணாடிச் சுவரில் வளையமாக ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். கலக்கும் வேகத்தைக் கூட்டினாலே பல நேரம் வீதம் திரும்பிவிடும்.