டின் ஸ்வீட் கார்னில் செட்டிநாட்டு மிளகு வறுவல்

டின்னில் வரும் சோள முத்துகள் ஆலையிலேயே வெந்து முடிந்தவை. மறுபடி வேகவைத்தால் குழைந்துவிடும். வறுவலுக்கு முழு முத்து டின்தான் சரி. சோளத்தை மசித்துக் கூழாக அடைத்த கிரீம் வகை, சட்டியில் களியாகிவிடும். உப்பிய டின்னைத் திறக்கவே வேண்டாம், எறிந்துவிடுங்கள்.

முத்துகளை வடிகட்டியில் கொட்டி, குழாய்த் தண்ணீரில் அலசினால் சோடியம் ஓரளவு இறங்கும். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் இதைத் தவறவிடக் கூடாது. பிறகு துணியில் பரப்பி 10 நிமிடம் உலர்த்துங்கள். ஈரத்தோடு போட்டால் எண்ணெய் தெறிக்கும், முத்து வறுபடாமல் ஆவியில் சொதசொதக்கும். பெரும்பாலும் வறுவல் கெடுவது இங்கேதான்.

வடித்த சோளம் 200 கிராமுக்கு மிளகு 1 டீஸ்பூன், சோம்பு அரை டீஸ்பூன், வரமிளகாய் 2, சின்னத் துண்டு கல்பாசி. இளஞ்சூட்டில் வெறும் சட்டியில் வறுத்துக் கொரகொரப்பாகப் பொடியுங்கள். கல்பாசி கூடினால் கசக்கும். 2 டேபிள்ஸ்பூன் நல்லெண்ணெயில் கறிவேப்பிலை, நறுக்கிய சின்ன வெங்காயம் 10 போட்டுப் பொன்னிறமாக வதக்குங்கள். தீயைக் கூட்டி, சோளத்தை 3 நிமிடம் பிரட்டுங்கள். பொடி கடைசியில்தான், முன்னாலேயே போட்டால் கருகும். ருசி பார்த்த பிறகே உப்பு.

100 கிராம் சோளத்தில் சுமார் 80 கலோரி, 2 கிராம் நார்ச்சத்து. மாவுச்சத்தும் இருப்பதால், சர்க்கரை நோய் உள்ளவர்கள் அன்று சோற்றைக் குறைத்துக்கொள்வது நல்லது.

மிஞ்சிய முத்துகளைக் கண்ணாடிக் கிண்ணத்துக்கு மாற்றி ஃபிரிட்ஜில் வைத்தால் 3 நாள் தாங்கும். காரக் குழிப்பணியார மாவில் ஒரு கைப்பிடி கலந்தால் அருமையாக இருக்கும்.