நீதிபோதனை பீரியடில் செய்யக்கூடாதவை (எல்லாம் நானும் செய்தவைதான்)

சில வருடங்களுக்கு முன் ஒன்பதாம் வகுப்பில் நேர்மை பற்றி ஒரு பக்கம் எழுதிவரச் சொன்னேன். திருத்த உட்கார்ந்தால் இரண்டு நோட்டில் ஒரே வரியில் ஒரே எழுத்துப்பிழை, கொஞ்ச நேரத்தில் மூன்றாவது நோட்டிலும் அதே பிழை. காப்பியடித்து எழுதிய நேர்மைக் கட்டுரை! முதலில் கோபம் வந்தது, அப்புறம் சிரிப்பு வந்தது, அதற்கும் அப்புறம்தான் உறைத்தது. நான் கேட்டது ஒரு பக்கம் எழுத்து, அவர்களும் ஒரு பக்கம் எழுத்தைக் கொடுத்துவிட்டார்கள்.

நல்லதை எடுத்துச் சொன்னால் பிள்ளைகள் நல்லவர்களாகிவிடுவார்கள் என்று நம்புவதுதான் இந்தப் பாடத்தில் எல்லாரும் முதலில் செய்கிற தவறு. 1920களிலேயே அமெரிக்காவில் ஹியூ ஹார்ட்ஷோர்ன், மார்க் மே என்ற இரண்டு பேர் 10,000க்கும் மேற்பட்ட பிள்ளைகளை வைத்து இதைச் சோதித்துப் பார்த்தார்கள். விடைத்தாளை அவர்களையே திருத்தச் சொன்னால் விடையை மாற்றுகிறார்களா, போட்டியில் ஏமாற்றுகிறார்களா, காசு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் எடுக்கிறார்களா என்றெல்லாம் பார்த்ததில், ஒரு இடத்தில் ஒழுங்காக இருந்த அதே பிள்ளை இன்னொரு இடத்தில் ஏமாற்றியது. எது சரி எது தப்பு என்று தெரிந்திருந்ததற்கும், நீதி வகுப்புகளில் உட்கார்ந்து கேட்டதற்கும், நடத்தைக்கும் பெரிய தொடர்பு தென்படவில்லை. எந்தச் சூழலில், எப்படிப்பட்ட வகுப்பில் இருக்கிறார்கள் என்பதுதான் நடத்தையை அதிகம் தீர்மானித்தது. நூறு வருடம் ஆகப்போகிறது, நாம் இன்னும் கதை சொல்லி, கடைசியில் 'இந்தக் கதையின் நீதி என்ன?' என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம். பதில் அவர்களுக்குக் கதை தொடங்கும்போதே தெரியும். அதற்கு மார்க்கும் போட்டோமென்றால் முடிந்தது, நல்லவன் மாதிரி எழுதத் தெரிந்தவனுக்குத்தான் அந்த மார்க் போகும்.

சரி, கதை வேண்டாம், தர்மசங்கடமான ஒரு சூழ்நிலையைக் கொடுத்து விவாதிக்க விடலாம் என்பார்கள். அமெரிக்க உளவியலாளர் லாரன்ஸ் கோல்பெர்க் 1950களில் செய்தது அதுதான்: சாகக்கிடக்கும் மனைவிக்காக, வாங்க முடியாத மருந்தைக் கணவன் திருடலாமா? இந்தக் கேள்வியை வகுப்பில் கேட்கிற நிறையப் பேர் மறப்பது என்னவென்றால், திருடலாம், கூடாது என்பதில் எதைச் சொன்னார்கள் என்று கோல்பெர்க் பார்க்கவில்லை, அதற்கு என்ன காரணம் சொன்னார்கள் என்றுதான் பார்த்தார். நாமோ கை தூக்கச் சொல்லி, எண்ணி, கடைசியில் 'சரியான பதில்' என்று ஒன்றைச் சொல்லி மணியடிப்பதற்குள் முடித்துவிடுகிறோம். அதோடு, பதினான்கு வயதுப் பிள்ளைக்கு மருந்துத் திருட்டு ரொம்பத் தூரத்து விஷயம். அவர்களுடைய சங்கடங்கள் வேறு. நெருங்கிய தோழி வீட்டுப்பாட நோட்டைக் கேட்கிறாள், கொடுக்காவிட்டால் இரண்டு நாள் பேசமாட்டாள். ஒருத்தனைக் கேலி செய்யும் படம் வாட்ஸப் குழுவில் சுற்றுகிறது, நீ அனுப்பவில்லை, ஆனால் பார்த்துச் சிரித்தாய். ஜன்னலை உடைத்தது யார் என்று உனக்குத் தெரியும், சொல்லாததால் வகுப்பே வெளியே நிற்கிறது. இதில் ஏதாவது ஒன்றை எடுத்துக் காரணம் கேட்டுப் பாருங்கள், பீரியட் போதாது.

கடைசியாகச் சொன்ன ஜன்னல் விஷயத்தில் இன்னொன்று இருக்கிறது. குடிமையியல் பாடத்தில் 'குற்றம் நிரூபிக்கப்படும் வரை ஒருவர் நிரபராதி' என்று நடத்திவிட்டு, அடுத்த பீரியடில் யாரோ ஒருவன் செய்ததற்கு நாற்பது பேரை நிற்கவைத்தால் பிள்ளைகள் இரண்டில் எதைக் கற்றுக்கொள்வார்கள்? நான் நிற்கவைத்திருக்கிறேன். பின்வரிசையிலிருந்து ஒரு பெண் மெதுவாக, 'சார், அந்தப் பாடம் பரீட்சைக்கு மட்டுமா?' என்று கேட்டாள். அதிகப்பிரசங்கித்தனம் என்று அதட்டி வாயை அடைத்தேன். இன்று யோசித்தால் அந்த வருடம் பாடத்தைப் புரிந்துகொண்டது அவள் ஒருத்திதான்.

மாணவர் மன்றத் தேர்தலும் கிட்டத்தட்ட இதே கதை. வேட்புமனு, பிரசாரம், வாக்குச்சீட்டு, விரலில் மை வரைக்கும் உற்சாகமாக நடத்துகிறோம். ஜெயித்த பிள்ளை அப்புறம் என்ன செய்கிறது? அசெம்பிளியில் வரிசையை நேராக்குகிறது, ஆசிரியர் இல்லாதபோது பேசியவர்கள் பெயரைப் பலகையில் எழுதுகிறது. எதையும் முடிவு செய்ய முடியாத பதவிக்கு ஓட்டுப் போட வைத்தால், ஓட்டு என்றாலே சடங்கு என்ற எண்ணம் பதினைந்து வயதிலேயே ஊறிவிடும். தேர்தலே வைக்காமல் இருப்பது இதைவிட மேல் என்றுகூடச் சொல்வேன். எல்லாவற்றையும் அவர்களிடம் விடச் சொல்லவில்லை. சின்னதாக ஒன்று போதும், நூலக நேரமோ, விளையாட்டுச் சாமான் யாரிடம் இருப்பது என்பதோ. ஆனால் அவர்கள் எடுத்த முடிவு நிஜமாகவே நடக்க வேண்டும், முடியாதென்றால் ஏன் முடியாது என்று அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். கோல்பெர்க்கும் பிற்பாடு இந்தப் பக்கம்தான் வந்தார். 1974இல் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜில் அவர் ஆலோசனையோடு தொடங்கிய ஒரு சிறு பள்ளியில் வாராவாரம் எல்லாரும் கூடி விதிகளை முடிவு செய்தார்கள், ஆசிரியருக்கும் ஒரு ஓட்டு, மாணவருக்கும் ஒரு ஓட்டு. குழந்தையைப் பாதிக்கும் விஷயத்தில் அதன் கருத்தைக் கேட்க வேண்டும் என்று 1989இல் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 12ஆவது பிரிவில் எழுதியே வைத்துவிட்டார்கள். அந்தப் பிரிவைப் பாடமாக நடத்துகிற நாமே கேட்பதில்லை.

வகுப்பில் அரசியல் வந்தால் என்ன செய்வது? ஒன்று, வாயை மூடிக்கொள்கிறோம். இல்லை, நம் கட்சியைத் திணிக்கிறோம். ஜெர்மனியில் 1976இல் பாய்ட்டல்ஸ்பாக் என்ற ஊரில் அரசியல் கல்வி வல்லுநர்கள் கூடிப் பேசியதிலிருந்து பிறந்த மூன்று கோட்பாடுகள் எனக்கு இன்றும் உதவுகின்றன. மாணவர் தானாக யோசிக்க இடம் விடாமல் அமுக்கக்கூடாது. வெளியே சர்ச்சையாக இருப்பதை உள்ளேயும் சர்ச்சையாகவே காட்ட வேண்டும். தன் நிலைமை என்ன, தன் நலன் எதில் இருக்கிறது என்று மாணவரே எடைபோடக் கற்றுக்கொள்ள வேண்டும். இரண்டாவதைத் தப்பாகப் புரிந்துகொண்டு, எதை எடுத்தாலும் இரண்டு பக்கம் பிரித்துப் பட்டிமன்றம் நடத்துகிறவர்களும் உண்டு. வரி எவ்வளவு இருக்கலாம் என்பதற்கு இரண்டு பக்கம் இருக்கிறது. பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பவன் தனக்குச் சமமா என்பதற்கு இல்லை. அதைத் தலைப்பாக வைத்தால், அந்தப் பிள்ளை அங்கே உட்கார்ந்து தனக்கு எதிரான வாதங்களைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

விவாதம் என்றால் நேரம் வீண், சிலபஸ் முடியாது என்பார்கள். 1999இல் 28 நாடுகளில் சுமார் 90,000 பேரிடம், எல்லாரும் 14 வயது, குடிமைக் கல்வி பற்றி ஒரு பெரிய ஆய்வு நடந்தது. வகுப்பில் பயமில்லாமல் கருத்துச் சொல்ல முடிகிறது என்று சொன்ன மாணவர்களுக்குப் பாட அறிவும் கூடுதலாக இருந்தது, வளர்ந்தபின் ஓட்டுப் போடுவோம் என்று சொன்னவர்களும் அவர்களில் அதிகம். அதனால் இந்த பீரியடைக் கணக்கு ஆசிரியருக்குக் கடன் கொடுப்பதையும் நிறுத்தலாம் (கணக்கு ஆசிரியர்கள் மன்னிக்கவும்).

இன்னும் இரண்டு, சுருக்கமாக. எல்லார் முன்னாலும் 'நீ செய்த ஒரு தப்பைச் சொல்' என்று கேட்காதீர்கள். சொன்னவன் கேலிக்கு ஆளாவான், மற்றவர்கள் பொய் சொல்வார்கள். சேவையைத் தண்டனையாகக் கொடுக்காதீர்கள். லேட்டாக வந்தவனை மைதானத்தைப் பெருக்கச் சொல்லிவிட்டு, அடுத்த வாரம் தூய்மைப் பணிக்கு ஆர்வமாக வா என்றால் எப்படி வருவான்?

லேட் என்றதும் ஞாபகம் வருகிறது. ஒரு வகுப்பிடம் தாமதமாக வருவதற்கான விதியை நீங்களே போடுங்கள் என்று விட்டேன். ஒரு நிமிடம் தாமதமானாலும் முழு பீரியடும் வெளியே என்று முடிவு செய்தார்கள், நானே அவ்வளவு கடுமையாகப் போட்டிருக்கமாட்டேன். தலையிட வாய் துறுதுறுத்தது, அடக்கிக்கொண்டேன். மூன்றாவது வாரம் ஒரு பையன் எழுந்து விதியைத் திருத்த வேண்டும் என்றான், பஸ் தாமதமானால் என்ன செய்வது, வீட்டில் உடம்பு சரியில்லாதவர்கள் இருந்தால் என்ன செய்வது என்று பட்டியல் போட்டு வாதாடினான். முதல் நாள் அந்தக் கடுமையான விதியை முன்மொழிந்தவனும் அவன்தான். இடையில் இரண்டு முறை வெளியே நின்றிருந்தான்.