வினாக்கொத்தை அச்சிடும் முன்

கொட்டாஞ்சேனையிலோ மட்டக்குளியிலோ நடந்த தொழிற்பயிற்சித் திட்டமொன்றை மதிப்பிடப் போகிறீர்களா? எதை அறிய வேண்டும் என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். எத்தனை பேர் முடித்தார்கள் என்பதற்கு வரவுப் பதிவேடே போதும். ஏன் இடையில் நின்றார்கள் என்பதற்கு நேர்காணல்தான் வழி.

வரிசையும் முக்கியம். எண்கள் முதலில் கிடைத்தால், அவற்றில் புரியாத இடத்தைப் பார்த்து நேர்காணலுக்கு ஆட்களைத் தெரிவுசெய்யலாம். பகுதி உங்களுக்குப் புதிதென்றால் மாற்றிச் செய்யுங்கள்: முதலில் மக்களுடன் பேச்சு, பிறகு அவர்கள் சொன்னதிலிருந்து வினாக்கொத்து.

கடன், வருமானம் பற்றிக் கேட்கக் குழுக் கலந்துரையாடலை நான் நாடமாட்டேன். அயலவர் முன்னிலையில் யார் உண்மையைச் சொல்வார்? எண்ணும் பேச்சும் முரண்பட்டால் ஒன்றை மறைக்காமல், இரண்டையும் அறிக்கையில் அருகருகே வையுங்கள்.