பிஎம்டைல்ஸ் வரைபடத்தை கேடி சர்வரில் ஏற்றியபோது

அலுவலகத்தில் இணையம் அடிக்கடி படுத்துவிடும். அதனால் நீலகிரி வரைபடத்தை உள் நெட்வொர்க்கிலேயே காட்ட வேண்டியிருந்தது. ஓபன்ஸ்ட்ரீட்மேப் தரவைக் கொண்டு புரோட்டோமேப்ஸ் தயாரிக்கும் உலகக் கோப்பிலிருந்து, வேண்டிய பகுதியை மட்டும் எக்ஸ்ட்ராக்ட் கட்டளையால் வெட்டி எடுத்தேன். கிடைப்பது பிஎம்டைல்ஸ் என்ற வடிவில் ஒரே கோப்பு, டேட்டாபேஸ் தொல்லை இல்லை. அதை டைல் டைலாக, அதாவது சிறு சதுரத் துண்டுகளாக, கொடுக்க கேடி என்ற வெப் சர்வருக்கு ஒரு பிளகின் இருக்கிறது. பிளகினையும் சேர்த்து கேடியை உருவாக்கித் தரும் எக்ஸ்கேடி கருவியை வைத்து பில்டு செய்தால் போதும்.

டெர்மினலில் கையால் ஓட்டியபோது வரைபடம் அழகாக வந்தது. பின்னணியில் தானாக ஓடும் சர்வீஸாக ஓட்டினால் வெறும் சாம்பல் நிறம். கான்ஃபிகில் ஒரு எழுத்தும் மாறவில்லை! மாறியது யூசர். சர்வீஸ் 'கேடி' என்ற தனி யூசராக ஓடுகிறது. கோப்போ என் ஹோம் ஃபோல்டரில். உபுண்டு 21.04 முதல் புதிய ஹோம் ஃபோல்டர்களுக்கு 750 அனுமதிதான், அதாவது உரிமையாளரும் அவர் குழுவும் தவிர மற்ற யூசர்கள் உள்ளே எட்டிப் பார்க்க முடியாது. எல்லோருக்கும் எல்லா அனுமதியும் தரும் 777 போடச் சொல்பவர்கள் உண்டு, கேட்காதீர்கள். கோப்பை, சர்வர் தரும் கோப்புகளுக்கான எஸ்ஆர்வி ஃபோல்டருக்கு மாற்றி, கான்ஃபிகில் கோப்பு இருக்கும் இடத்தைச் சொல்லும் பக்கெட் வரியில் முழுப் பாதையைக் கொடுத்தேன். வந்துவிட்டது.

அப்புறம் முகவரியில் 'டைல்ஸ்' என்ற முன்னொட்டைச் சேர்த்ததும் எல்லாம் 404, அதாவது 'கிடைக்கவில்லை'. கேடி கான்ஃபிகில் நான் எழுதியிருந்த 'ஹேண்டில்' என்ற கட்டளை, முன்னொட்டை அப்படியே உள்ளே அனுப்பும். பிளகின் அதையும் கோப்புப் பெயரோடு சேர்த்துத் தேடும். 'ஹேண்டில் பாத்' என்று மாற்றினால் அதை வெட்டிவிட்டு அனுப்பும். சரியாகிவிட்டது.

உபுண்டுவில் மென்பொருள் நிறுவும் ஏபிடி வழியாக கேடியை நிறுவியிருந்தால் கவனம்: அடுத்த அப்கிரேடு, பிளகின் உள்ள உங்கள் பில்டை அழித்துச் சாதாரண கேடியை வைத்துவிடும். அப்கிரேடில் வரும் கோப்பை வேறு இடத்துக்குத் திருப்பிவிடும் டிபிகேஜி டைவர்ட் கட்டளையைப் போட்டு வையுங்கள்.